ஆத்தா கேட்ட வெல்லம்

வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில், கொரட்டூரில் இன்சுலின் ஊசியைத் தானே போட்டுக்கொண்ட மருமகள் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான். தினமும் நட, ஊசி போட்டால் சாப்பிட்டே ஆகவேண்டும், கை நடுங்கினால் உடனே வெல்லத்தை வாயில் போடு என்று பட்டணத்து டாக்டர் சொல்லியிருந்தார். காலையில் பலகாரம் முடித்து ஏரிக்கரையில் நடப்பேன். "சீக்காளிக்கு இன்னாடி ஊர்கோலம்?" என்பார் மாமியார். என் முந்தானையில் முடிந்த வெல்லத்தைக் கண்டால் இன்னும் ஆத்திரம். சர்க்கரை வியாதிக்கு வெல்லம் விஷம் என்பது அவர் கட்சி.

அந்த வருஷம் ஆடியில் அம்மனுக்குக் கூழ் வார்க்கும் முறை எங்களுடையது. படைக்கும்வரை எங்கள் வீட்டில் யார் பல்லிலும் பச்சைத்தண்ணீர் படக்கூடாது. நானோ பழக்கதோஷத்தில் ஊசியைப் போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றோடு கோயிலுக்கு நடந்தேன். தப்பு என்னுடையதுதான், மறைப்பானேன்? போதாக்குறைக்குக் கோயில் வாசலிலேயே மாமியார் என் முடிச்சை அவிழ்த்து வெல்லத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

கூழ் கொதிப்பதற்குள் எனக்கு வியர்த்துக் கொட்டியது. கை உதறியது. "அத்த, கொஞ்சம் வெல்லம் குடுங்க" என்றேன்.

"சாவணுமா உனுக்கு? சும்மா குந்து" என்றார்.

உட்கார முடியவில்லை. கால் தள்ளாடியது, உடம்பெல்லாம் நடுங்கியது, கூந்தல் அவிழ்ந்தது. அவ்வளவுதான், கூட்டம் குலவையிட்டது. "ஆத்தா வந்துட்டா! ஆத்தா வந்துட்டா!" யாரோ வேப்பிலையைக் கையில் திணித்தார்கள். மஞ்சள் தண்ணீரைத் தலையோடு ஊற்றினார்கள். ஐயோ, செத்தேன் என்றுதான் நினைத்தேன்.

மாமியாரே என் காலில் விழுந்தார். "தாயே, இன்னா வோணும் சொல்லு தாயே!"

புத்தி கொஞ்சம்தான் மிச்சமிருந்தது. அது போதும்.

"வெல்லம்!" என்று கத்தினேன்.

பிடுங்கிய கையாலேயே ஊட்டினார். மென்று விழுங்கினேன், இன்னும் கேட்டு வாங்கித் தின்றேன். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது, கண் தெளிந்தது. குறி கேட்கப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். பேசாமல் இருந்திருந்தால் ஊரே என்னைக் கும்பிட்டிருக்கும். எனக்கு அந்தக் கும்பிடு வேண்டாம்.

"ஆத்தாவும் வரல, ஒண்ணும் வரல. ஊசி போட்டுகினு பட்டினியா வந்தேன். உயிர் போவுதுன்னு வெல்லம் கேட்டது நான்தான்" என்றேன்.

மாமியார் முகம் சுண்டிப்போனது. "மெதுவா பேசுடி, மானம் போவுது" என்று கிசுகிசுத்தார்.

"போவட்டும் அத்த. ஆத்தாவுக்குக் குடுக்கிறத எனுக்கும் குடுங்க" என்று சொல்லி, அம்மனுக்குப் படைக்குமுன்னே ஒரு சொம்புக் கூழை மொண்டு, அத்தனை பேர் பார்க்க நின்று குடித்தேன்.