நாலாவது குளோ பிளக்

என் பழைய டீசல் கார் ஒரு வாரமாகக் காலையில் கிளம்ப மறுக்கிறது. இஞ்சினை முதலில் சூடாக்கிக் கொடுக்கும் நான்கு குளோ பிளக்குகளும் போய்விட்டன.

மனைவிக்கு முட்டியில் அறுவை சிகிச்சை ஆகி ஒரு மாதம்தான் ஆகிறது. பஸ் படி ஏற முடியாது. இன்று பதினோரு மணிக்கு டவுனில் பிசியோதெரபி. அதனால் விடிந்ததும் கோவில்பத்தில் எங்கள் வீட்டு வாசலில், வாங்கி வைத்திருந்த நான்கு புதுப் பிளக்குகளை நானே மாற்ற ஆரம்பித்தேன்.

மூன்று கழன்று வந்தன. நாலாவது அசையவே இல்லை. குனிந்து நின்றே என் இடுப்பு போனது.

தெரிந்த மெக்கானிக்குக்குப் போன் செய்தேன்.

"பலமா திருகிடாதீங்க சார். உள்ள ஒடஞ்சா இஞ்சின் ஹெட்டையே கழட்டணும். வண்டிய ஓட்டி, சூடாக்கிட்டுக் கழட்டுங்க."

"கிளம்பினாத்தானேங்க ஓட்ட முடியும்?"

மனைவி ஊன்றுகோலோடு வாசலுக்கு வந்தாள்.

"மூணு கழண்டுச்சுல்ல? அந்த மூணு எடத்துல மட்டும் புதுச மாட்டிப் பாருங்களேன்."

நம்பிக்கை இல்லாமல்தான் மாட்டினேன். இருமி, எதிர்வீட்டுத் துணிக்கொடி வரை புகை விட்டு, வண்டி கிளம்பிவிட்டது.

"நாலாவது பழசாவே இருக்கேம்மா."

"இருந்துட்டுப் போவுது. ஏறுங்க, நேரமாச்சு."

இப்போதுதான் திரும்பி வந்தோம். இஞ்சின் நல்ல சூடு. ஸ்பேனரைக் கையில் எடுத்தேன். நாளை மறுநாளும் அவளை அழைத்துப் போக வேண்டும் என்ற நினைப்பு வந்ததும் கீழே வைத்துவிட்டேன்.

நாலாவதை முழுசாகக் கழற்றியவர்கள் எப்படி என்று சொல்லுங்கள். உடைத்தவர்கள் தயவுசெய்து இன்று ஒரு நாள் மட்டும் வாயைத் திறக்காதீர்கள்.