பக்கத்து ஊர் ஸ்டாப்பிங்

திருபுவனைப் பக்கம் கம்பெனிகளில் வேலை கேட்டுப் போனால் முதலில் படிப்பைக் கேட்க மாட்டார்கள். பெயரைக்கூட அப்புறம்தான் கேட்பார்கள். "எந்த ஊரு?" என்பதுதான் முதல் கேள்வி. எங்கள் ஊரைச் சொன்னால் எதிரே இருப்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். "ஓ, அந்த ஊரா" என்பார். அந்த "ஓ"வுக்குப் பிறகு வேலை கிடைத்ததாக எங்கள் தெருவில் சரித்திரமே இல்லை.

காரணம் சாராயக்கடை. ஊர் எல்லையில் இருக்கிறது. இரண்டு வயல் தாண்டினால் தமிழ்நாடு, அங்கே சாராயத்துக்குத் தடை. அந்தப் பக்கத்து ஆட்கள் விடிந்ததும் விடியாததுமாக பைக்கில் வந்து இறங்குவார்கள். குடிப்பார்கள். திரும்பிப் போக முடியாதவர்கள் எங்கள் ரோட்டிலேயே படுத்துக்கொள்வார்கள். குடிக்கிறவன் அந்த ஊர், விழுகிறது இந்த ஊர், கெட்ட பெயர் எங்களுக்கு. எங்கள் ஊர் ஆண்கள் எல்லாரும் மோர் மட்டும் குடிப்பவர்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ரோட்டில் கிடக்கிற முக்கால்வாசிப் பேரை யாரென்றே எங்களுக்குத் தெரியாது.

ஒரு காலத்தில் கம்பெனி வேன் ஊருக்குள் வந்துகொண்டுதான் இருந்தது. ஒருநாள் குறுக்கே படுத்திருந்த ஒருவனை எழுப்ப டிரைவர் ஹாரன் அடித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுக்குக் கோபம் வந்து கல்லை எடுத்து வீசினான். கண்ணாடி உடைந்து டிரைவருக்குப் புருவத்துக்கு மேல் தையல் போட்டார்கள். வீசியவன் எந்த ஊர் என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. வீசிய இடம் எங்கள் ஊர், அது போதும். அதோடு வேன் வருவது நின்றது. எங்கள் ஊர் ஆட்களை வேலைக்கு எடுப்பதும் நின்றது.

வயிறு நிற்குமா? பெண்கள் நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்தோம். வாய்க்கால் கரையோடு நடந்தால் கம்பெனி வேன் நிற்கும் பக்கத்து ஊர் ஸ்டாப்பிங் வந்துவிடும். அந்த ஊருக்கும் எங்களுக்கும் ஒரே போஸ்ட் ஆபீஸ் என்பதால் ஆதார் அட்டையும் எங்களைக் காட்டிக்கொடுக்காது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்போம். அங்கே தெருக்குழாயில் சேற்றைக் கழுவிவிட்டு, கம்பெனி கொடுத்த நீல கோட்டை மாட்டிக்கொண்டு, அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் மாதிரி நிற்போம். புதிதாக ஒருத்தி வேலைக்கு வந்தால் நாங்கள் முதலில் சொல்லிக்கொடுப்பது ஸ்டிக்கர் ஒட்டுவதை இல்லை, ஊரை மாற்றிச் சொல்வதைத்தான்.

எங்கள் கம்பெனி டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில் செய்வது. நாங்கள் பேக்கிங்கில் இருந்தோம். மழையோ வெயிலோ, பொங்கலுக்கு மறுநாளோ, லீவு போட மாட்டோம். போட்டால் ஏன் என்று விசாரிக்க வீட்டுக்கு யாராவது வந்துவிடுவார்களோ என்ற பயம். இதனால் பக்கத்து ஊருக்குக் கிடைத்த நல்ல பெயர் இருக்கிறதே, அது அந்த ஊர்க்காரர்களுக்கே ஆச்சரியம். டீக்கடைக்காரர் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எங்க ஊரு மானத்த நீங்கதாம்மா காப்பாத்தறீங்க." நாங்களும் சிரித்தோம். எனக்கு உள்ளே எரிந்தது.

என் சர்வீஸைப் பார்த்து என்னை லைனுக்குப் பொறுப்பாகப் போட்டிருந்தார்கள். போன வருடம் ஒருநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். கோயம்புத்தூர் பக்கத்துக்காரர், மரியாதையாகப் பேசுவார்.

"பேக்கிங்கைத் தனியா ஒரு இடத்துல போடலாம்னு இருக்கோங்க. உங்க பக்கத்து ஊர்ல பழைய ரைஸ் மில் ஒண்ணு சும்மா கிடக்குது. போய்ப் பார்த்தேன். கட்டடம் அருமை. வில்லியனூர்ல கடை வச்சிருக்கிறவங்களோட இடம், வாடகைக்குத் தர்றாங்க."

அவர் சொன்னது எங்கள் ஊர் மில். என் வீட்டு மாடியில் நின்றால் அதன் தகரக் கூரை தெரியும். அந்த மில் திறந்தால் முட்டிவலியால் வேலையை விட்டவள், கைக்குழந்தைக்காரி, மாமியாரைப் படுக்கையில் வைத்திருப்பவள் என்று எத்தனை பேர் நடந்தே வேலைக்கு வரலாம்!

"ஒரே ஒரு பிரச்சினை" என்றார் அவர். "அந்த ஊர்ல வேலைக்கு ஆள் கிடைக்காதுன்னு எல்லாரும் சொல்றாங்க. ஒருத்தர்கூட அங்கிருந்து நம்மகிட்ட இல்ல பாருங்க. நீங்கல்லாம் உங்க ஊர்லேர்ந்து அங்க போய் வேலை செய்வீங்களா? பயமா இருக்குமோ?"

என் வீட்டுக்குப் போக எனக்குப் பயமா என்று கேட்கிறார்.

"யோசிச்சுச் சொல்லுங்க. சரிப்படலேன்னா திண்டிவனம் பக்கம் பார்த்துக்கலாம்னு ஓனர் சொல்றாரு."

சாயங்காலம் வாய்க்கால் கரையில் நடக்கும்போதே மில் விஷயத்தை எல்லாரிடமும் சொன்னேன். "நாளைக்கு யாரும் இந்தக் கரையில கால வைக்கக் கூடாது. நம்ம ஊருல நின்னே வேன் ஏறுவோம்."

எப்போதும் என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்பவள் நின்றுவிட்டாள். "இன்னாக்கா பேசற? பொய் சொல்லிட்டு வந்தோம்னு அத்தினி பேரையும் வெளிய தள்ளிடுவாங்க. எம் பொண்ணு காலேஜு பீசு எவன் கட்டுவான்?"

"பேக்கிங்கு திண்டிவனத்துக்குப் போயிட்டா உன் பொண்ணுக்கும் நாளைக்கு இதே சேறுதான்டி. அவளும் செருப்பக் கையில தூக்கினு வரட்டுமா?"

அவள் செருப்பை மறு கைக்கு மாற்றிக்கொண்டு முன்னால் நடந்தாள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த "ஓ"வை இன்னொரு வருடம் கேட்க என்னால் முடியாது.

மறுநாள் காலையில் நான் துடைப்பத்தோடு போனேன். பழைய வேன் ஸ்டாப்பிங் சாராயக்கடை வாசலில்தான் இருந்தது. கடை இன்னும் திறக்கவில்லை. காலி கவர்களையும் பிளாஸ்டிக் டம்ளர்களையும் கூட்டித் தள்ளினேன். கொஞ்ச நேரத்தில் ஒருத்தி வந்தாள். பிறகு இரண்டு பேர், அப்புறம் மற்றவர்கள். கடைசியாக, காலேஜ் பீஸ் பற்றிக் கேட்டவளும் கோட்டை மாட்டிக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்தபடி வந்து நின்றாள். சாராயக்கடை போர்டுக்குக் கீழே நீல கோட்டில் அத்தனை பெண்கள். பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

டிரைவருக்குப் போன் போட்டேன். "அண்ணே, இன்னைக்கு அங்க யாரும் இருக்க மாட்டோம். நம்ம ஊருல, பழைய இடத்துல நிக்கிறோம்."

"அந்தக் கடை வாசல்லயா?" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் போனை வைத்துவிட்டார். புருவத்தில் தையல் வாங்கியவர் அவர்தான். வருவார் என்று எதை வைத்து நம்புவது?

வேன் வந்தது. ஸ்டாப்பிங் மாறியதை டிரைவர் சொல்லியிருப்பார் போல, பின்னாலேயே மேனேஜரின் காரும் வந்தது. வருடக்கணக்காக அந்த ரோட்டில் கேட்காத சத்தம் என்பதால் வீடுகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

மேனேஜர் இறங்கி எங்களைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார். "நீங்கல்லாம் இங்க என்னம்மா பண்றீங்க?"

"இதான் சார் எங்க ஊரு."

"இத்தனை பேருமா?"

"அத்தினி பேரும்தான் சார்."

அவர் டிரைவர் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு இது தெரியுமா?"

டிரைவர் புருவத்தைத் தடவிக்கொண்டார். "தெனம் எந்தப் பக்கத்துலேர்ந்து நடந்து வருதுங்கன்னு எனக்குத் தெரியாதா சார்? கால் கழுவுனாலும் பாவாடை ஓரத்துல சேறு இருக்குமே. சொன்னா பாவம், வேலைய வுட்டுத் தூக்கிடுவீங்கன்னு நெனச்சேன்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எங்கள் பொய்யை நம்பி ஏமாந்துகொண்டிருக்கிறார் என்று நாங்கள் நினைத்த மனிதர்.

மேனேஜர் மில் இருக்கும் பக்கம் பார்த்தார். பிறகு, "அப்ப இந்த ஊர்ல ஆள் கிடைக்காதுன்னு என்கிட்ட யாருதான் சொன்னாங்க?" என்று தனக்குத்தானே கேட்பதுபோல் கேட்டார்.

"நாங்கதான் சார்" என்றேன். "தெனம் காலைல நாங்கதான் சொன்னோம்."

அவர் சிரிக்கவில்லை. மில் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டார்.

இப்போது அந்தத் தகரக் கூரைக்குக் கீழே மெஷின் ஓடுகிறது. சாராயக்கடையும் அதே இடத்தில்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்து ஆட்கள் இன்னும் வருகிறார்கள், விழுகிறார்கள். உள்ளூர் ஆளாக இருந்தால் வேலை நிச்சயம் என்று ஒரு பேச்சும் சுற்றுவட்டாரத்தில் பரவியிருக்கிறது.

போன வாரம் ஒரு சின்னப் பெண் வேலை கேட்டு வந்தாள். ஆள் எடுப்பது இப்போது என் பொறுப்பு. "எந்த ஊரும்மா?" என்றேன். தயங்காமல் எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னாள். எந்தத் தெரு என்று கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டாள். நான் அவள் காலைப் பார்த்தேன். விரலிடுக்கில் வாய்க்கால் சேறு.

"ஒங்க ஊரு பேரையே சொல்லும்மா" என்றேன். "நாளைலேர்ந்து வேலைக்கு வா."