என் பெயரில் அம்மாவின் எண்

நான் வசிக்கும் ஜெர்மானியச் சிற்றூரிலிருந்து வேலைக்குப் போகும் ரயில் காட்டுக்குள் நுழைந்ததும் எல்லாருடைய கைப்பேசியும் செத்துவிடும். முதல் வாரம் நான் போனை அணைத்துப் போட்டுப் பார்த்தேன், ஜன்னல் பக்கம் தூக்கிக் காட்டினேன். மற்றவர்கள் பதற்றமே இல்லாமல் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார்கள். காடு முடிந்ததும் மூடி வைத்தார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த நாட்டில் எங்கே கோபுரம் நட்டால் எதுவரை சிக்னல் போகும் என்று கணக்குப் போடுவதுதான் என் வேலை. அந்தக் காட்டுக்கு மட்டும் இன்னும் அனுமதி வரவில்லை. மரங்களின் அபிப்பிராயம் கேட்கப்படுவதாக நினைத்துக்கொள்கிறேன்.

பக்கத்து வீட்டு மார்கிட் அம்மையார் ஒருநாள் வேலியோரம் நின்று, "உங்கள் ஊரில் இன்டர்நெட் உண்டா?" என்று கேட்டார். "தக்காளித் தோட்டத்து நடுவில் நின்றுகொண்டு முகம் பார்த்துப் பேசலாம்" என்றேன். அதை என் கனவென்று எடுத்துக்கொண்டார் போலும், அவர் முகம் கனிந்துவிட்டது. என் கையைத் தட்டிக்கொடுத்து, "நம்பிக்கையை விடாதே. ஒருநாள் நிச்சயம் வரும்" என்றார். அவருடைய வீட்டில் இணைப்புப் பழுதாகி, அதைச் சரிசெய்யும் ஆளுக்காக அவர் அப்போது மூன்றாவது வாரமாகக் காத்திருந்தார்.

தர்மபுரி மாவட்டத்துக்கு அந்த வசதி சும்மா வந்துவிடவில்லை. பாலக்கோட்டில் எங்கள் வீட்டைக் கடந்துபோன கம்பெனிகளை நான் அவ்வப்போது மனத்துக்குள் வரிசைப்படுத்திப் பார்ப்பதுண்டு. பெயர்கள் வேண்டாம், போய்ச்சேர்ந்தவர்களைக் குறைசொல்லும் பழக்கம் எனக்கில்லை. முதலாவது, பஸ் ஸ்டாண்டில் குடைக்கடியில் உட்கார்ந்து சிம்மை இலவசமாகக் கொடுத்தது. இரண்டாவது, மடிக்கணினியில் செருகும் டேட்டா கார்டு. அது மொட்டைமாடியில் துணிக்கொடிக்கு அருகில் மட்டுமே வேலை செய்யும் என்பதால் என் கல்லூரி புராஜெக்ட் முழுவதும் ஈரப் புடவைகளுக்கு நடுவே எழுதப்பட்டது. மூன்றாவது, மாரண்டஹள்ளிக்காரர் ஒருவர் எங்கள் கூரையில் வைத்துவிட்டுப் போன வயர்லெஸ் தட்டு. பக்கத்துத் தோட்டத்துத் தென்னை வளர வளர எங்கள் இன்டர்நெட் தேய்ந்தது. அவர் இப்போது சொட்டுநீர்க் குழாய் விற்கிறார். தட்டு மட்டும் எங்களிடமே தங்கிவிட்டது. உரம் கலக்கத் தோதாக இருப்பதாக அம்மா சொல்கிறார். நான்காவதாக வந்தது எல்லாவற்றையும் இலவசமாகவே கொடுத்து, முன்னால் வந்தவர்களை ஒவ்வொருவராக வழியனுப்பி வைத்தது.

இதில் முதலாவதின் சாவுதான் எங்களை உலுக்கியது. அம்மா நாற்று நர்சரி நடத்துகிறார். தக்காளி, மிளகாய், கத்தரி. அந்தக் குடைக்கடியில் வாங்கிய எண்தான் நர்சரியின் போர்டில், மாரண்டஹள்ளி சாலையோரச் சுவர்களில், நாற்றுத் தட்டுகளின் அடியில், நல்லம்பள்ளி வரைக்கும் உள்ள விவசாயிகளின் மனப்பாடத்தில் இருந்தது. சிம் மட்டும் என் பெயரில். வாங்கிய அன்று என் கையில் அடையாள அட்டை இருந்தது, அம்மாவின் கையில் காய்கறிப் பை இருந்தது, அவ்வளவுதான் காரணம். நான் இறுதியாண்டு படிக்கும்போது ஒரு காலையில் அந்தக் கம்பெனியின் சிக்னல் மாவட்டம் முழுக்கப் போயிற்று. எண்ணைக் காப்பாற்ற வேறு கம்பெனிக்கு மாற வேண்டும். மாற வேண்டுமென்றால் அந்த எண்ணிலிருந்தே குறுஞ்செய்தி அனுப்பி, அந்த எண்ணிலேயே குறியீடு பெற வேண்டும். பிணம் எழுந்து வந்து தன் இறப்புச் சான்றிதழுக்குக் கையெழுத்துப் போடுவது போன்ற ஏற்பாடு.

மாரண்டஹள்ளிக்கு அப்பால் ஒரு மேட்டில் லேசாக சிக்னல் வருகிறது என்று செய்தி பரவியது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மேடு திருவிழாவாக இருந்தது. டிராக்டரில் வந்தவர்கள், பஸ்ஸில் வந்தவர்கள், போண்டா விற்க வந்தவர் என்று எல்லாரும் கையை உயர்த்தியபடி நின்றார்கள்.

"ஏனுங்க, உங்களுக்கு வந்துச்சுங்களா?" என்று அம்மா ஒருவரைக் கேட்டார்.

"ஒரு கோடு வந்துச்சுங்க. தும்மினேன், போயிருச்சு."

அம்மா சுற்றிலும் பார்த்தார். பக்கத்துத் தோட்டத்தில் தக்காளிச் செடிக்குக் கட்டுவதற்காக மூங்கில் குச்சிகள் அடுக்கியிருந்தன. நீளமாக ஒன்றை உருவி வந்து, செய்தியை அனுப்பச் சொல்லி அழுத்திவிட்டு, போனைக் குச்சியின் நுனியில் தலைமுடி ரப்பரால் கட்டி உயர்த்தினார்.

"எக்கா, மீனு பிடிக்கறயா?" என்று ஒருவர் சிரித்தார்.

"மாட்டுச்சுன்னா உனக்குக் கொழம்பு கெடையாது, போ."

மாட்டியது. குச்சியின் நுனியில் போன் டிங் என்றது. அடுத்த சில நிமிடங்களில் சிரித்தவர் உட்பட எல்லாரும் ஆளுக்கொரு குச்சி எடுத்துவிட்டார்கள். செடியில்லாமல் குச்சிகள் மட்டும் நட்ட தோட்டம்போல் இருந்தது அந்த மேடு. ஒவ்வொரு குச்சியின் உச்சியிலும் ஒரு போன் காய்த்திருந்தது. உயரம் கூடினால் சிக்னல் கூடும் என்பதைப் பின்னாளில் நான் ஜெர்மனியில் வரைபடங்களோடு விளக்கியிருக்கிறேன். யாரும் சிரித்ததில்லை.

எண் பிழைத்தது. நான் வெளிநாடு வந்தேன். பிறகுதான் ஒன்று புரிந்தது: என் வங்கி, ஆதார், வருமான வரி என்று இந்தியாவில் எனக்குள்ள எல்லாக் கதவுகளுக்கும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் போகும். அதாவது, அம்மாவுக்கு.

"வந்துருச்சு பாப்பா. மொதல்ல இதச் சொல்லு, காத்தால என்ன தின்ன?"

"அம்மா, நேரம் முடிஞ்சிரும். நம்பரச் சொல்லுங்க."

"ரொட்டிதான? எனக்குத் தெரியும். சேலத்துல ஒரு பையன் போட்டோ அனுப்பினேனே, பாத்தியா?"

"பாக்கறேன்மா. நம்பரு."

"பாத்துட்டுக் கூப்புடு. வேற ஓடிபி அனுப்பச் சொல்லிக்கலாம்."

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், சென்ற நடவுப் பருவத்தில் போன் தண்ணீர் டிரம்மில் விழுந்தது. போனோடு சிம்மும் போனது. புது சிம் வேண்டுமென்றால் யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய முகமும் கைரேகையும் வேண்டும். நர்சரியில் வேலை செய்யும் மணி அக்காவின் போனிலிருந்து அம்மா கூப்பிட்டார். பஸ் ஸ்டாண்ட் செல்போன் கடை பாய், ஓனரைக் கூட்டிவரச் சொல்லிவிட்டாராம்.

"ஓனரப் பெத்தவளே நாந்தான் பாய்னு சொல்லிப் பாத்துட்டேன். மிஷினு ஒத்துக்கலையாம்."

அதைச் சிரிப்பாகச் சொல்ல முயன்றார், முடியவில்லை. ஆர்டர் கொடுக்கும் வாரம் அது. கூப்பிடும் விவசாயிக்கு எண் கிடைக்கவில்லை என்றால் அடுத்த நர்சரிக்குப் போவார்; நாற்றோ ஒருவருக்காகவும் நிற்காது. நாள் தாண்டினால் தட்டிலேயே முற்றிவிடும். ஒரு பருவம் முழுவதும் குப்பைக் குழிக்குப் போகும்.

மேலாளர் தோமாஸிடம் அவசர விடுப்புக் கேட்டேன். குரலைத் தாழ்த்தி, "அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்றார்.

"அம்மா நலம். எண்தான் ஆபத்தான நிலையில் இருக்கிறது."

சரியாகக் காதில் விழவில்லை போலும். "நெருங்கிய உறவா?" என்றார்.

கொஞ்சம் யோசித்தேன். "ஆமாம்" என்றேன். உடனே கையெழுத்துப் போட்டார். விடுப்பு முடிந்து திரும்பி வந்தபோது என் மேசையில் ஓர் அனுதாப அட்டை இருந்தது.

பாலக்கோட்டுக் கடையில் பாய் என் முகத்துக்கு நேராகக் கேமராவைப் பிடித்தார். கருவி என்னைச் சுற்றிச் சுற்றித் தேடியது. "கண்ணாடியக் கழட்டும்மா. ஜெர்மனி கலரு, அதுக்கு அடையாளம் தெரியல" என்றார். கழற்றினேன், தெரிந்துகொண்டது. எண் உயிர் பெற்றது. அப்போதே அதை அம்மாவின் பெயருக்கு மாற்றித் தரச் சொன்னேன். இன்னொரு முறை டிரம்மில் விழுந்தால் என்னால் விமானம் ஏறி வந்து முகம் காட்ட முடியாது.

அம்மா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "வேணாம். உம்பேர்லயே இருக்கட்டும்."

"எதுக்கும்மா?"

"இருக்கட்டும்ங்கறேன்ல." பிறகு பாயைப் பார்த்துச் சொன்னார்: "எம்பேருக்கு மாத்திட்டா இவ எதுக்கு பாய் வரப்போறா?"

பாய் கல்லாவைத் துடைக்கத் தொடங்கினார். "கைரேக நாத்துக்காக வெக்கறதும்மா, எனக்காக இல்ல" என்றேன். அம்மா கையை நீட்டினார். முகம் மட்டும் கடைசிவரை கேமராவைப் பார்க்காமல் அடம்பிடித்தது.

அதே மேசையில் எனக்கென்று ஒரு புது சிம் வாங்கினோம். எனக்கே எனக்கு, என் ஓடிபிகளுக்கு. ஆனால் பயன்படுத்தாமல் கிடந்தால் கம்பெனி எண்ணைப் பறித்துக்கொள்ளும் என்று பாய் எச்சரித்தார். அதனால் அதை ஒரு பட்டன் போனில் போட்டு அம்மாவிடமே விட்டுவந்தேன். அவ்வப்போது அதிலிருந்து ஒரு கால் போட்டு உயிரோடு வைத்திருப்பது அவர் பொறுப்பு. தன் போனில் அந்த எண்ணுக்கு அவர் என் பெயரையே போட்டுக்கொண்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசிக்கொண்டிருந்தோம். அம்மா நாற்றுகளைக் காட்டினார். திடீரென்று ஏதோ ஞாபகம் வந்தவராகப் பட்டன் போனை எடுத்து எதையோ அழுத்தினார். அவருடைய போன் மணி அடித்தது.

"இரு பாப்பா" என்றார், திரையை உற்றுப்பார்த்து. முகமெல்லாம் சிரிப்பு. "நீ கூப்புடற. பேசிட்டு வந்தர்றேன்."

படம் அப்படியே நின்றது. பாதி அம்மா, பாதி பச்சை நாற்று. என் அழைப்பு நிறுத்திவைக்கப்பட்டிருப்பதாகத் திரை சொன்னது. அங்கே நான் என்ன பேசினேன் என்று தெரியவில்லை, ஆனால் வெகுநேரம் பேசினேன்.