பள்ளிக்கு வந்து சேராத மெயில்

கல்முனை பஸ் டிப்போவுக்குப் பக்கத்தில் ஸஜாத் ஒரு சின்னக் கொம்பியூட்டர் கடை வைத்திருக்கிறான். என் கடைக்குப் பக்கத்துக் கடை. பலகையில் போட்டோக் கொப்பி, பாஸ்போட் படம் என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் ஆட்கள் கொண்டுவருவது ஒரே முறைப்பாடு: "மெயில் போகுதில்ல." நெசவுக்காரர், டியூசன் மாஸ்டர், பொத்துவில் ஹோட்டல்காரர், எல்லோருக்கும் அவன்தான். மெயில் ஒழுங்காகப் போகும் நாளில் அவனை ஒருவரும் நினைப்பதில்லை. அவன் முகத்தில் குடிவந்துவிட்ட சலிப்புக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

போன வருடம் எங்கள் ஊர் றஸாக் கட்டாரில் மௌத்தாகிவிட்டான். போனில் தகவல் சொன்னது அதே கம்பெனியின் வேறொரு தளத்தில் வேலை செய்யும் அவனுடைய கூட்டாளி றிபாத். மையித்தை ஊருக்கு அனுப்புவதா, அங்கேயே அடக்குவதா என்று கம்பெனி மெயிலில் கேட்கும், மனைவி கையெழுத்திட்டுப் பதில் அனுப்ப வேண்டும் என்றான். றஸாக் வீட்டில் மெயில் வைத்திருப்பவர் யாரும் இல்லை. அதனால் வேலைக்குச் சேரும்போது பள்ளிவாசலின் முகவரியைக் கொடுத்திருந்தான். கம்பெனி அதற்கு மட்டும்தான் எழுதும்.

அவன் மனைவி மைமூனாவுக்குக் கணவனை ஊருக்குக் கொண்டுவந்து அடக்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம். கணவன் மௌத்தான பின் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருந்ததால் அவள் வெளியே வர முடியாது. ஸஜாத்துக்குப் போன் எடுத்து, "வந்திட்டா தம்பி?" என்று கேட்பாள்.

வரவில்லை. ஸஜாத் தன் மெயிலிலிருந்து பள்ளிக்கு ஒன்று அனுப்பிப் பார்த்தான். அது போய்ச் சேர்ந்தது. "பாத்தியா, எங்கட பக்கம் பிழையில்ல" என்றார் பள்ளிவாசல் தலைவர் முகைதீன்பாவா ஹாஜியார். ஸஜாத் விடவில்லை. மெயில் சேரவில்லை என்று கம்பெனிக்குத் திரும்பிப் போன அறிவித்தலைப் படமெடுத்து அனுப்பும்படி றிபாத்திடம் கேட்டு வாங்கினான். அதைப் பார்த்ததும் அவனுக்கு விளங்கிவிட்டது.

பள்ளிக்கு வரும் மெயில் பள்ளியில் தங்குவதில்லை. செயலாளரின் சொந்த மெயிலுக்குத் திருப்பிவிடப்படும். திருப்பும்போது ஒவ்வொன்றின் தலையிலும் 'அல்லாஹ்வின் பெயரால்' என்ற பிஸ்மி வரி தானாகச் சேர்ந்துகொள்ளும். முந்திய நிர்வாகம் ஆசைப்பட்டுச் செய்த ஏற்பாடு அது. கம்பெனியோ தன் மெயிலுக்கு டிஜிட்டல் முத்திரை குத்தி, தன் சேர்வரிலிருந்து வராமல் முத்திரையும் குலைந்திருந்தால் ஏற்க வேண்டாம் என்று கண்டிப்பாக அறிவித்திருந்தது. திருப்பியதில் வந்த இடம் மாறிப்போனது. ஒரு வரி கூடியதில் முத்திரை குலைந்தது. செயலாளரின் மெயில் அதை வாசலிலேயே மறித்துவிட்டது. மற்றவர்களின் மெயிலுக்கு இவ்வளவு கண்டிப்பு இல்லாததால் அவை பாட்டுக்கு வந்துகொண்டிருந்தன.

"பிஸ்மிய எடுக்கச் செல்றியா?" என்றார் ஹாஜியார்.

"பிஸ்மியில பிழையில்ல ஹாஜியார். மற்றவன் ஒட்டி அனுப்பின கடிதத்த உடைச்சி நாம எழுதுறதுதான் பிழை. பாஸ்வேட்டத் தாங்க, இப்பவே செய்யிறன்."

"நான் தனிய முடிவெடுக்கேலாது. ஜும்ஆவுக்குப் பிறகு எல்லாரும் கூடிக் கதைப்பம்."

எனக்கு இன்னும் ஆத்திரம் ஆறவில்லை. கலியாண வீட்டுக்குக் கதிரை இரவல் கொடுக்கவும் கூட்டம் போடுகிற ஆட்கள் இவர்கள். ஒரு மையித்து காத்துக் கிடக்கிறது என்பது அவர்கள் மண்டையில் ஏறவில்லை. ஸஜாத் சண்டை பிடிக்கவில்லை. களைத்துப்போனவனுக்கு அதற்கும் தெம்பு வேண்டுமே. பகலில் லுஹர் தொழப் போகும்போதெல்லாம் ஹாஜியாரிடம் அதையே கேட்டான், அதே பதிலோடு கடைக்கு வந்தான்.

வெள்ளிக்கிழமை கூடினார்கள், தேத்தண்ணி குடித்தார்கள், சம்மதித்தார்கள். ஸஜாத் அந்த வரியை எடுத்து, திருப்புவதை நிறுத்தி, பள்ளியின் மெயிலைச் செயலாளர் நேரடியாகத் திறந்து பார்க்கும்படி செய்து முடிக்க அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. மறுபடி அனுப்பச் சொல்லி றிபாத்துக்குப் போன் எடுத்தான். மெயில் வந்தது. மூன்று தரம் எழுதியும் குடும்பத்தின் பதில் கிடைக்காததால் முந்திய நாளே அங்கு அடக்கிவிட்டதாக அதில் இருந்தது.

மையித்து இல்லாமலே தொழும் காயிப் ஜனாஸாத் தொழுகையை ஒலிபெருக்கியில் அறிவிக்கும் வேலையை ஹாஜியார் எடுத்துக்கொண்டார். மைமூனாவிடம் சொல்லும் வேலையை ஸஜாத்தின் தலையில் கட்டினார்கள். மெயில் விசயம் அவனுக்குத்தான் விளங்கப்படுத்தத் தெரியுமாம்.

அவன் அவள் வீட்டுக்குப் போய், திரைக்கு வெளியே நின்றான். முத்திரை, சேர்வர் எதையும் இழுக்கவில்லை. மூன்று தரம் எழுதிக் கேட்டார்களாம், பதில் வரவில்லை என்று அங்கேயே அடக்கிவிட்டார்களாம் என்று மட்டும் சொன்னான்.



"நான் எங்கயும் போகல்லியே தம்பி" என்றாள் மைமூனா. "வீட்டுக்குள்ளதானே இருந்தன்."