நல்ல ஹெல்மெற்

அன்றைக்கு மோட்டார் சைக்கிளை ஓடியவன் நான். யூட் அல்ல. அவன் பின்னால் இருந்தான். அவனைக் கொன்றவன் நான்; கொன்றபின் பழியையும் அவன்மேலேயே போட்டவன் நான்.

இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. பொலிசுக்குச் சொல்லவில்லை, என் அம்மாவுக்குச் சொல்லவில்லை, யூட்டின் தகப்பனுக்குச் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். ஏன்? உங்களை எனக்குத் தெரியாது... நீங்கள் சனிக்கிழமைகளில் எங்கள் படலையைத் திறந்துகொண்டு வரப்போவதில்லை. அவ்வளவுதான் காரணம். வீரம் என்று நினைத்துவிடாதீர்கள்.

எனக்கு வேகமான மோட்டார் சைக்கிள் என்றால் பைத்தியம். கையில் காசில்லாதவனின் பைத்தியம் கொஞ்சம் கேவலமானது. கொழும்பில் யாரோ ஓடிக் களைத்து விற்ற இருநூற்றைம்பது சிசி ஒன்றை, மாதாமாதம் தவணை கட்டுகிற லீசிங்கில் எடுத்தேன். அப்பா பிணை நின்றார். லீசிங் என்றால் முழுக் காப்புறுதி கட்டாயம். அதைக் கட்டியதோடு கை வெறுங்கையாயிற்று. முன் ரயர் தேய்ந்து மொட்டையாகக் கிடந்தது. பிறகு பார்க்கலாம் என்றேன். என்னிடம் இருந்தது சின்ன மோட்டார் சைக்கிள் ஓடுவதற்கான லைசென்ஸ் மட்டும். பெரியதற்கு வேறு பரீட்சை எடுக்க வேண்டும். அதையும் பிறகு பார்க்கலாம் என்றேன்.

பெரிய லைசென்ஸ் யூட்டிடம் இருந்தது. அவன் குருநகர்க் கடற்றொழிலாளி ஒருவரின் மகன். யாழ்ப்பாணத்தில் நானும் அவனும் ஒரே போன் கடையில் வேலை. பைக் என்னுடையது, லைசென்ஸ் அவனுடையது. ஆகவே அவன் ஓடுவான், நான் பின்னால் இருப்பேன். சொந்த பைக்கில் பின்னால் இருந்து போகிறவனைப் பார்த்துக் கடையில் எல்லோரும் சிரித்தார்கள். யூட் ஓடுகிற விதமோ, முட்டைக் கூடை கொண்டு போகிறவனைப் போல. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஹெல்மெற்றிலும் எங்களுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. முகத்தை முழுவதும் மூடுகிற நல்லது ஒன்றுதான் வாங்க முடிந்தது. மற்றது பொலிசுக்குக் காட்டுவதற்கென்று வாங்கிய மலிவுச் சட்டி. ஓடுபவனுக்கு நல்லது, பின்னால் இருப்பவனுக்குச் சட்டி. இதை மறந்துவிடாதீர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பண்ணைப் பாலத்தால் தீவுப் பக்கம் போனோம். இரண்டு பக்கமும் கடல், நேரான ரோட்டு, ஆள் நடமாட்டம் இல்லை. நிற்பாட்டச் சொன்னேன். கொஞ்சத் தூரம் நான் ஓடுகிறேன் என்று கெஞ்சினேன்.

“பொலிஸ் நிண்டால் உனக்குத்தான் பிரச்சினை, மச்சான்.”

“இந்த வெய்யிலுக்கை ஆர் வந்து நிக்கப் போறாங்கள்?”

அவன் சிரித்தான். தன் ஹெல்மெற்றைக் கழற்றி என் தலையில் போட்டு, நாடிக்குக் கீழே வாரையும் அவனே பூட்டினான். சட்டியைத் தான் எடுத்துக்கொண்டான்.

எவ்வளவு வேகத்தில் போனேன்? தெரியாது. நான் பார்க்கவில்லை. “மெல்ல ஓடு, ரோட்டிலை மண் கிடக்கு” என்று அவன் என் முதுகில் தட்டினான். மறுபடியும் தட்டினான். எனக்குக் கேட்டது. கேட்டும் முறுக்கினேன்... இத்தனை நாள் என்னை ஊர்ந்துபோக வைத்தானே என்ற எரிச்சலில் முறுக்கினேன்! பாலம் முடிந்து வரும் வளைவில் அந்த மொட்டை ரயர் மண்ணில் வழுக்கியது.

கண் விழித்தபோது ரோட்டுக்கரையில் கிடந்தேன். என் கால் திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. யூட் கொஞ்சம் தள்ளிக் கிடந்தான். சட்டி உடைந்து வேறாகக் கிடந்தது.

ஆஸ்பத்திரிக்குப் பொலிஸ்காரர் வந்தார்.

“பைக்கை ஆர் ஓடினது?”

“யூட்.”

அவ்வளவுதான். வலி மயக்கத்தில் உளறிவிட்டேன் என்று வருடக்கணக்காக எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பொய். எனக்கு நல்ல தெளிவு இருந்தது. யூட் இறந்துவிட்டான் என்று தாதி சொல்லியிருந்தார். உரிய லைசென்ஸ் இல்லாதவன் ஓடினான் என்றால் காப்புறுதி வராது, லீசிங்காரர் அப்பாவைப் பிடிப்பார்கள், என்னை மறியல் வீட்டில் அடைப்பார்கள். செத்தவன்மேல் யார் வழக்கு வைக்கப் போகிறார்கள்? இவ்வளவையும் யோசித்துவிட்டுத்தான் வாய் திறந்தேன். அவன் பிழைத்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனா? இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

லைசென்ஸ் அவன் சட்டைப்பையில் இருந்தது. யாரும் சந்தேகப்படவில்லை. நல்ல ஹெல்மெற் எப்படி உம்முடைய தலையில் வந்தது என்று மட்டும் ஒருவர் கேட்டார். அவன் தந்தான் என்றேன். காப்புறுதி வந்தது. தேவாலயத்தில் யூட்டின் அடக்கப் பூசையில் சுவாமியார் இந்தக் காலத்துப் பெடியங்களின் வேகத்தைப் பற்றித்தான் பிரசங்கம் வைத்தாராம். யூட்டின் வேகம்!

நான் ஊன்றுகோல் இல்லாமல் நடக்கத் தொடங்கிய நாட்களில், யூட்டின் தகப்பன் மானிப்பாயிலுள்ள எங்கள் வீட்டுக்குச் சைக்கிளில் வந்தார். ஹான்டிலில் ஒரு பனையோலைப் பை, அதற்குள் மீன்.

“தம்பி, என்ரை பெடியன் உங்கடை காலை முறிச்சுப் போட்டான்,” என்றார். “என்னாலை வேறை என்ன செய்ய ஏலும்? கோவிச்சுக்கொள்ளாதேங்கோ.”

“ஏன் அண்ணை உதெல்லாம்?” என்றார் அம்மா. ஆனாலும் வாங்கிக்கொண்டார்.

அன்று தொடங்கியது. நாங்கள் வெள்ளிக்கிழமை சைவம் என்று அறிந்து சனிக்கிழமைகளில் வருவார். சில நாள் விளைமீன், சில நாள் ஒட்டி. வலையில் ஒன்றும் படாத கிழமையில் சந்தையில் வாங்கிக்கொண்டாவது வருகிறார் என்று பிறகு அறிந்தேன். மகன் விட்ட பிழைக்குத் தகப்பன் ஈடு செய்கிறாராம். அம்மா சமைப்பார். நான் சாப்பிடுவேன். ஒரு முள்ளாவது என் தொண்டையில் சிக்கியதில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை சொல்லிவிடுவது என்று உறுதியாக இருந்தேன். லீசிங் எப்போதோ முடிந்துவிட்டது. அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். இனி யாருக்காகப் பயப்படுவது? அவரைக் கதிரையில் இருத்தி, “ஐயா, அண்டைக்கு...” என்று தொடங்கினேன்.

அவர் முந்திக்கொண்டார்.

“தெரியும் தம்பி. அவன் வேகமா ஓடினது பிழைதான். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் தான் சட்டியைப் போட்டுக்கொண்டு நல்ல ஹெல்மெற்றை உங்களுக்கெல்லோ தந்திருக்கிறான். அதை நினைச்சால்தான் எனக்கு நித்திரை வருது.” பிறகு என் முகத்தைப் பார்த்தார். “அவன்தானே போட்டு விட்டவன்?”

“ஓம் ஐயா. அவன்தான் போட்டு, வாரையும் பூட்டி விட்டவன்.”

அந்த மனிதருக்கு நான் சொன்ன ஒரே உண்மை அது. அதையும் பொய்யை மூடுவதற்குத்தான் பாவித்தேன்.

உண்மை தெரிந்தால் அவருக்குக் குற்றமில்லாத மகன் திரும்பக் கிடைப்பான்... ஆனால் ஓடுபவனுக்கு நல்லது என்ற ஒழுங்கில்தான் ஹெல்மெற்றைத் தந்தான் என்றாகி, அந்த நித்திரை போய்விடுமே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நம்பாதீர்கள். அவருடைய நித்திரையில் எனக்கென்ன அக்கறை? எனக்குப் பயம். அன்று ஆஸ்பத்திரியில் இருந்த அதே பயம்.

இன்று வெள்ளிக்கிழமை. நாளைக்கு மீனைக் குழம்பு வைக்கவோ பொரிக்கவோ என்று அம்மா குசினியிலிருந்து கேட்கிறார்.

பொரிக்கச் சொன்னேன்.