முழங்காலுக்குக் கீழே மூன்று கோடுகள்

எழுபதுகளின் கடைசியில், புதூர்நாட்டுப் பக்கம் ஓர் உறைவிடப் பள்ளியில் நான் பெண்பிள்ளைகளுக்கு வார்டன். நாற்பது பேர். என் விடுதியில் கூச்சல் இருக்காது, அழுகை இருக்காது, தட்டில் மிச்சம் இருக்காது. அதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

அழுகையை நான் ஒழித்த விதம் எளிது. அம்மாக்கள் வந்து பார்த்துவிட்டுப் போனால் பிள்ளைகள் இரண்டு நாள் சாப்பிடாமல் மூக்கைச் சிந்திக்கொண்டு கிடப்பார்கள். அதனால் யாரும் வரக்கூடாது என்று சட்டம் போட்டேன். கோடை விடுமுறையில் மட்டும் ஒரு மாதம் வீடு. பிள்ளைகளை மடியில் போட்டுக் கொஞ்சிய சமையற்காரம்மாவையும் அதட்டி அடக்கிவிட்டேன்.

ஒருத்தி மட்டும் வளரவே இல்லை. வயது ஒன்பது. ஆறு வயதுச் சட்டையே அவளுக்குத் தொளதொளத்தது. மூன்று வருடமாகச் சோறு, பருப்பு, முட்டை என்று நானே நின்று பார்த்துப் போட்டும் பலனில்லை. சுரப்பிக் கோளாறு என்று நானே முடிவுகட்டி, திருப்பத்தூருக்கு பஸ்ஸில் அழைத்துப் போனேன்.

கையையும் முழங்காலையும் எக்ஸ்ரே எடுத்தார்கள். அசையாதே என்று சொல்வதற்கு முன்பே அவள் அசையாமல் இருந்தாள்.

"இப்படி ஒரு அடக்கமான புள்ளய நான் பாத்ததே இல்ல டீச்சர்," என்றார் படம் எடுப்பவர். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மணிக்கட்டு எலும்புகளைப் பார்த்தால் ஐந்து வயதுதான் சொல்லலாம் என்றார். பிறகு முழங்காலுக்குக் கீழே, எலும்பின் குறுக்கே ஓடிய மூன்று மெல்லிய வெள்ளைக் கோடுகளைக் காட்டினார்.

"வளர்ச்சி நின்னுபோய் மறுபடி ஆரம்பிச்சா இப்படி ஒரு கோடு விழும். மூணு தடவை ஆரம்பிச்சிருக்கு. வருஷா வருஷம் இவளுக்கு என்ன நடக்குது?"

"ஒண்ணும் இல்லீங்க. மே மாசம் வூட்டுக்குப் போவா."

"அங்க நல்ல சாப்பாடா?"

"வெறும் சாமக் கூழுதாங்க."

அவர் அவளிடம் குனிந்தார். "விடுதில உன்கூட யாரும்மா பேசுவாங்க?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பதில் சொல்லலாமா என்று என்னிடம் அனுமதி கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

"அந்தக் கூழு குடிச்ச மாசத்துலதான் இவ வளந்திருக்கா. சோறு மட்டும் போட்டா எல்லாப் புள்ளைங்களும் வளந்துடாது டீச்சர். அவங்கம்மாவை வரவிடுங்க," என்றார் டாக்டர்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யாரைக் குற்றம் சொல்கிறார் இந்த ஆள்? மலையேறும் பஸ்ஸில் இருப்புக்கொள்ளவில்லை. ஜன்னலை ஏற்றினேன், இறக்கினேன். ஒரு வளைவில் அவள் தூக்கத்தில் என்மேல் சாய்ந்தாள். நிமிர்த்தி உட்காரவைக்க வழக்கம்போல என் கை போனது. வெட்கமாக இருந்தது. கையை எடுத்துக்கொண்டேன்.

மறுநாளே அவள் அம்மாவுக்கு ஆள் அனுப்பினேன். முந்தானை முடிச்சில் வறுத்த புளியங்கொட்டையோடு வந்தவள், கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள்.

"உள்ள வாம்மா."

"வேணாங்க. போன தபா வந்ததுக்கே திட்னீங்க. இங்கேர்ந்தே பாத்துட்டு போய்ட்றேன்."

கையைப் பிடித்துத்தான் உள்ளே இழுக்க வேண்டியிருந்தது. அன்றோடு அந்தச் சட்டம் எல்லோருக்கும் போயிற்று. வாரம் தவறாமல் அம்மாக்கள் வந்தார்கள். விடுதியில் அழுகையும் கூச்சலும் காதைப் பிளந்தன. அதைப் பொறுத்துக்கொள்ள நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

அடுத்த ஆண்டு மறுபடி எக்ஸ்ரே. அவளுடைய பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தது. மேசையில் படுத்தவள் வாயை மூடவில்லை. இது இன்னா, அது இன்னா, சுடுமா என்று கேட்டுக் காலை ஆட்டியதில் முதல் படம் கலங்கிப் போயிற்று.

"இன்னாங்க டீச்சர், அடக்கமா இருந்த புள்ளய இப்படி கெடுத்து வெச்சிருக்கீங்க!" என்று எரிந்து விழுந்தார் படம் எடுப்பவர்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஆனால் அன்று இரவிலிருந்து வேறொன்று என்னை அரிக்கத் தொடங்கியது. இவளுக்கு முன்னால் என்னிடம் இருந்து படித்துப் போனவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருத்தியைக்கூட நான் படம் எடுக்க அழைத்துப் போகவில்லை. எல்லோரும் அசையாமல்தான் இருந்தார்கள்.