பழையாறு திரும்பி ஓடிய மதியம்: ஏழாம் வகுப்போடு மலையடியிலிருந்து பொழிமுகம் வரை

இது இப்படித்தான் முடியும் என்று நான் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். ஆறு திரும்பி ஓடும், பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள், தலைமையாசிரியை அம்மா சேலைக்கரை நனைவது தெரியாமல் தண்ணீரில் நிற்பார். எல்லாவற்றையும் வண்டி கிளம்பும் முன்பே கணித்துவிட்டேன். பதினொரு நாடுகளின் மண்ணை மிதித்தவன் நான். அதில் நான்கு, விமானம் மாறுவதற்காக உட்கார்ந்திருந்த நாடுகள். அதுவும் நாடுதானே?

போனது ஒரு பிப்ரவரி சனிக்கிழமை. கும்பப்பூ என்கிற இரண்டாம் போக நெல் பழுத்து, அறுவடை எந்திரத்துக்காக நாஞ்சில் நாட்டு வயலெல்லாம் காத்துக்கொண்டிருந்த நேரம். என் அக்காள் மகள் லதா பூதப்பாண்டி பக்கத்தில் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. ஏழாம் வகுப்பில் பதினாறு பிள்ளைகள். அரையாண்டுத் தேர்வில் ஆப்பிரிக்க வரைபடத்தைக் கொடுத்து, நைல் நதி ஓடும் திசைக்கு அம்புக்குறி போடச் சொல்லியிருக்கிறாள். பதினாறில் பதினான்கு பேர் மேலிருந்து கீழாகப் போட்டிருந்தார்கள். அதாவது மத்தியதரைக் கடலில் பிறந்து ஆப்பிரிக்காவுக்குள் போய் வற்றுகிற நைல்!

வகுப்பில் அபினேஷ் என்றொரு பையன். ஏன் இப்படிப் போட்டாய் என்று கேட்டால், "தண்ணி கீழதான டீச்சர் ஓடும்?" என்றிருக்கிறான்.

யோசித்துப் பார்த்தால் பிள்ளைகள் மேல் குற்றமில்லை. எங்கள் ஊரில் வடக்கே மலை, தெற்கே கடல். வகுப்புச் சுவரில் மாட்டிய படத்திலும் வடக்கு மேலே, தெற்கு கீழே. சுவரும் ஊரும் ஒத்துப்போகின்றன. பழையாறு படத்தில் மேலிருந்து கீழே வருகிறது, ஊரிலும் அப்படியே வருகிறது. ஆகவே உலகத்து ஆறெல்லாம் படத்தின் தலையில் பிறந்து காலில் முடியும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். இந்தத் தப்பைச் செய்ய எங்கள் ஊர்ப் பிள்ளைகளால்தான் முடியும். நான் எட்டாம் வகுப்போடு நிறுத்தியவன். எனக்கே இது உடனே புரிந்துவிட்டது, லதா சொன்ன பிறகு.

அவள் ஒரு திட்டம் போட்டாள். ஆற்றை மலையடியிலிருந்து கடல் சேரும் வாய் வரை ஒரே நாளில் பிள்ளைகள் கூடவே போய்ப் பார்க்க வேண்டும். ஆனால் பள்ளியில் ஒரு சிக்கல். வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பாடவேளையும் புவியியலுக்கு. அதைக் கணக்குக்கு மாற்றிவிடலாம் என்பது தலைமையாசிரியை அம்மாவின் எண்ணம். அவர் கணக்கு டீச்சர். "கடைசி இடத்துக்கு நானே வாறேன். படிச்சத பிள்ளையள் அங்க நின்னு எனக்கு வெளங்க வச்சா, வெள்ளிக்கிழமை உங்களுக்கு. இல்லைன்னா கணக்குக்கு. சுத்துலாவும் இனி கிடையாது" என்று சொல்லிவிட்டார். மணக்குடிப் பாலத்தடி, காலை பதினொரு மணி என்று பேச்சு. வண்டி என்னுடையது, பதினெட்டு இருக்கை வேன். டீசல் ஆயிரத்து நூறு ரூபாய் ஆயிற்று, வாடகை நான் வாங்கவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், சொன்னால்தானே தெரியும்.

காலை ஏழரைக்குப் பூதப்பாண்டி ஆற்றங்கரையில் முதல் பாடம். இங்கே பயன்பட்ட பொருட்களைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆசிரியர்களுக்கு உதவும்: பத்து மீட்டர் கயிறு, இரண்டு கம்பு, கைப்பேசிக் கடிகாரம், ஒரு வாழைப்பூ. வாழைப்பூ மடலை உரித்துப் போட்டால் அசல் வள்ளம் மாதிரி மிதக்கும். கரையோரம் கயிற்றை இழுத்துக் கட்டி, மேல் கம்பருகே மடலை விட்டு, கீழ்க் கம்புக்கு வரும் நேரத்தை எண்ண வேண்டும். ஆற்றின் வேகம் கையில் வந்துவிடும். முதல் மடல் பதினான்கு நொடியில் வந்தது.

"மாமா, தண்ணிக்குள்ள எறங்காண்டாம்னு பிள்ளையளுட்ட சொல்லிட்டு நீங்க எறங்கி நிக்கியளே!" என்றாள் லதா.

"நான் ஆழம் பாக்கேன் மக்கா. ஓமன்ல வெள்ளம் வந்தப்ப நானாக்கும் ஆழம் பாத்துச் சொன்னது."

"டீச்சர், உங்க மாமா எல்லாத்தையும் நாந்தான் கண்டுபிடிச்சேங்காரு" என்றான் அபினேஷ்.

"ஏலே, ஆத்த மட்டும் விட்டுட்டாருலே" என்றாள் ஷைனி. அந்தக் கூட்டத்தில் வாய்க்கு வரி கட்டாத பிள்ளை அவள்.

கிளம்பும்போது ஒரு கைப்பிடி மண்ணும் ஒரு பாட்டில் தண்ணீரும் எடுத்துக்கொண்டார்கள். மண்ணில் கூழாங்கல் இருந்தது.

நாகர்கோவிலைத் தாண்டிச் சுசீந்திரத்துக்கு வந்தபோது மணி ஒன்பது இருபது. சுமார் பதினைந்து கிலோமீட்டர். கோயிலுக்குள் போகவில்லை, வயலோரமாகத்தான் நிறுத்தம். கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற தண்ணீர்க் குழாய் ஒன்றை லதா இரவல் வாங்கி வந்திருந்தாள். உள்ளிருப்பது கண்ணுக்குத் தெரிகிற மாதிரியான பிளாஸ்டிக் குழாய், உள்ளே தண்ணீர். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அதை இரண்டு வயலுக்கு நடுவே பிடித்துப் பார்த்தால் எந்த வயல் தாழ்ந்தது, எவ்வளவு தாழ்ந்தது என்று தெரிந்துவிடும்.

"எல்லாம் ஒரே தட்டையாக்கும்" என்று நானும் சொன்னேன், பிள்ளைகளும் சொன்னார்கள். குழாய் நாலு விரல் வித்தியாசம் காட்டியது. அடுத்த வயலுக்கு மூன்று விரல். கண்ணுக்குத் தெரியாத சரிவு தண்ணீருக்குத் தெரிகிறது. அதை நினைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் வரப்பில் நின்றேன். வெளிநாட்டில் இருந்த காலம் போக, நாற்பது வருடமாக இந்த வழியாக வண்டி ஓட்டுகிறேன். இந்தச் சரிவில்தான் உருண்டிருக்கிறேன், ஒரு நாளும் உணர்ந்ததில்லை.

இங்கே வாழைப்பூ மடலுக்கு நாற்பத்தொரு நொடி ஆயிற்று. மண் வழுவழுவென்று களி. தண்ணீரை அபினேஷ் நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினான். ஆறு சோம்பலானதும் தூக்கி வந்ததையெல்லாம் கீழே போட்டுவிடுகிறது என்று பிள்ளைகளே சொன்னார்கள். இதைப் புத்தகத்தில் படித்தால் மூன்று பக்கம்.

பத்தரைக்கு மணக்குடிக்குக் கிளம்பியிருக்க வேண்டும். ஏழு கிலோமீட்டர்தான். ஆனால் நான் வழி விலகி, வண்டியைக் கொட்டாரம் என்ற ஊருக்குத் திருப்பினேன். கடல் ஏற்றத்தின் நேரத்தை நான் முன்பே பார்த்து வைத்திருந்தேன், கொஞ்சம் தாமதமாகப் போனால்தான் காட்சி கிடைக்கும், அதற்காகவே அந்தச் சுற்று. கொட்டாரத்தில் ஒரு கடையில் ரசவடை, ஒன்று பத்து ரூபாய், நன்றாக ஊறியிருந்தது. வண்டிக்குள் லதா என் முதுகையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

மணக்குடிக்கு வந்தபோது பன்னிரண்டு பத்து. தலைமையாசிரியை அம்மா பாலத்தடியில் குடையோடு நின்றார்.

"மணி என்னன்னு தெரியுமா லதா? வெயிலு மண்டையப் பொளக்குது. சரி, என்ன படிச்சாங்கன்னு காட்டுங்க, பாப்போம்."

இந்த இடம் தெரியாதவர்களுக்கு: பழையாறு கடலில் சேரும் வாய் இதுதான். பொழி என்போம். மழை குறைந்த மாதங்களில் சில சமயம் மணல் மூடிக் கிடக்கும், அன்று திறந்திருந்தது. பிள்ளைகள் கயிற்றைக் கட்டினார்கள். ஷைனி மலைப்பக்கத்துக் கம்பருகே மடலோடு நின்றாள். மற்றவர்கள் கடல்பக்கத்துக் கம்பில், கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு. அபினேஷ் தலைமையாசிரியை அம்மாவுக்கு விளக்கினான்: "அங்க பதினாலு, அப்புறம் நாப்பத்தொண்ணு. இங்க இன்னும் மெதுவா வரும் மேடம். எப்படியும் வந்துரும்."

ஷைனி மடலை விட்டாள். அது ஒரு நிமிடம் நின்ற இடத்திலேயே வட்டமடித்தது. பிறகு மெல்லத் திரும்பி, சுசீந்திரத்தைப் பார்க்கப் புறப்பட்டுவிட்டது.

இன்னொரு மடல் விட்டார்கள். அதுவும் அப்படியே. கரையில் வலை உதறிக்கொண்டிருந்த ஒருவர் என்னைப் பார்த்து, "என்ன ஓய், ஆத்துக்கு வழி மறந்து போச்சா?" என்று சிரித்தார்.

"ஏன் லதா திரும்பிப் போவுது?" என்றார் தலைமையாசிரியை அம்மா.

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். நானாக இருந்தால் மூன்று காரணம் சொல்லியிருப்பேன். லதா முகம் சிவந்து நின்றாள். வெள்ளிக்கிழமை கையை விட்டுப் போகிறது என்று அவளுக்குத் தெரியும். பிறகு சொன்னாள்: "நான் இத எதிர்பாக்கல்ல மேடம். இப்பம் நானா ஒரு காரணம் சொல்லாண்டாம். பிள்ளையளுட்ட கேப்போம்."

பிள்ளைகளைப் பார்த்துத் திரும்பினாள். "ஏன் மக்கா?"

"காத்து" என்றான் ஒருவன். கடல்காற்று முகத்தில் அடிக்கத்தான் செய்தது. ஷைனி ஒத்துக்கொள்ளவில்லை. "காத்துன்னா மேல மிதக்குறதத்தானலே தள்ளும்? முங்குறதப் போட்டுப் பாப்போம்." ஒரு பாட்டிலில் கழுத்து மட்டும் தெரிகிற அளவுக்குத் தண்ணீர் நிரப்பி மூடி, நூல் கட்டி விட்டார்கள். பிறகு எடுத்துவிடத்தான் நூல். காற்றுக்குப் பிடிகொடுக்காத அந்தப் பாட்டிலும் மலைப்பக்கமே போனது. ஆகவே தள்ளுவது தண்ணீர்தான். அபினேஷ் விரலை நனைத்து நாக்கில் வைத்தான். "உப்பு டீச்சர்! சுசீந்திரத்துல உப்பு இல்லல்லா!" தண்ணீர் தொடும் விளிம்பில் ஒருத்தி குச்சி நட்டாள். கால் மணி நேரத்தில் குச்சி தண்ணீருக்குள் இருந்தது.

"மட்டம் ஏறுது" என்றார் தலைமையாசிரியை அம்மா. குடையை என் கையில் கொடுத்துவிட்டு, அவரே குனிந்து அந்தக் குச்சியில் விரல் வைத்து அளந்தார். "ஒண்ணரை விரல்." சேலைக்கரை நனைந்தது அப்போதுதான்.

"கடலு ஆத்துக்குள்ள வருது மேடம்" என்றாள் ஷைனி. "இப்பம் இங்க கடலுதான் ஒசரம். அதனால தண்ணி அங்க ஓடுது."

லதா மணலில் வரைபடத்தை விரித்தாள். படத்தின் வடக்கு மலையைப் பார்க்கும்படி திருப்பி வைத்தாள். சுவரில் தொங்கும்போது இருந்த மேல், கீழ் எதுவும் இப்போது இல்லை. அபினேஷ் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, தலைகீழாக நின்றுகூடப் பார்த்தான்.

"டீச்சர், அப்பம் படத்துல மேல இருக்கதெல்லாம் ஒசரம் இல்ல. நைலுக்குத் தெக்க மலை. அது வடக்க ஓடும். நான் போட்டது தப்பு."

"நானும் அப்படித்தான் நெனச்சிருந்தேன் இவ்வளவு நாளா" என்றார் தலைமையாசிரியை அம்மா. சொல்லிவிட்டுச் சிரித்துவிட்டார். "வெள்ளிக்கிழமை உங்களுக்குத்தான் லதா." பிறகு என்னிடம், "தண்ணி ஏறுற நேரம் பாத்துத்தான் பிள்ளையளக் கொண்டு வந்தியளோ?" என்றார்.

"பின்ன என்ன மேடம்" என்றேன் நான்.

திரும்பி வருகையில் பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். எனக்கு ஒன்று மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. திட்டம் சரியாக நடந்திருந்தால், மடல் ஒரு நிமிடம் கழித்து வந்து சேர்ந்திருக்கும். கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள், நைல் பழையபடியே ஓடியிருக்கும். டீச்சர் ஒருத்தி "எனக்குத் தெரியாது" என்று நின்ற இடத்தில்தான் பிள்ளைகள் யோசிக்க ஆரம்பித்தார்கள்.

நீங்கள் போவதாக இருந்தால்: உங்கள் ஊரில் எந்த ஓடையாக இருந்தாலும் போதும், பழையாறே வேண்டும் என்றில்லை. ஒரு ஆள் எப்போதும் கரையில் பிள்ளைகளை எண்ணிக்கொண்டே நிற்க வேண்டும். மண்ணைப் பாட்டிலில் போட்டு வகுப்பு சன்னலில் வரிசையாக வையுங்கள். கூழாங்கல், களி, கடல் மணல் என்று ஆற்றின் கதை அங்கேயே நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, வரைபடத்தைச் சுவரிலிருந்து இறக்கித் தரையில் போடுங்கள். வடக்கை வடக்கே வையுங்கள். செலவில்லாத வேலை.

கடைசியாக, கடல் ஏறும் நேரம். இங்கேதான் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. அது நாளுக்கு நாள் தள்ளிப் போகும் என்று லதா சொல்கிறாள். நான் போன நேரத்தை நம்பி நீங்கள் பன்னிரண்டு பத்துக்குப் போய் நின்றால் ஆறு ஒழுங்காகக் கடலுக்கே ஓடும், என்னை ஏசுவீர்கள். முன்பே விசாரித்துவிட்டுப் போங்கள். நான் விசாரிக்கவில்லை. ஏற்ற நேரம் பார்த்து வைத்திருந்தேன் என்றது கட்டிவிட்ட கதை. கொட்டாரத்துக்குப் போனது, மஸ்கட்டில் என்னோடு ஒரே அறையில் இருந்தவன் அங்கே கடை வைத்திருக்கிறான் என்பதற்காக. நீ என்றைக்கும் வெறும் டிரைவர்தான் என்று ஒருமுறை சொன்னவன். பதினாறு பிள்ளைகளோடு போய் இறங்கி, புவியியல் வழிகாட்டியாக வந்திருக்கிறேன் என்று அவனிடம் சொல்ல வேண்டியிருந்தது. ரசவடை அவன் கடையுடையது.

மணக்குடியில் முதல் மடலை ஷைனி விட்டபோது கடல்பக்கத்துக் கம்பருகே, பிள்ளைகளுக்கெல்லாம் முன்னால், முட்டளவு தண்ணீரில் நின்று, வருகிற மடலைப் பிடிக்க இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருந்தது நான்தான்.